எட்டுக்கால் பூச்சிக் கதையும் எங்க கழனிப் புகையானும்

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. போச்சம்பள்ளி சந்தைக்குப் போய்விட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். என் தங்கச்சி மகள் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள், விடுதியில் தங்கல். லீவுக்கு வந்தவள் முகம் வாடிக் கிடந்தது. "ராத்திரி தூக்கமே வரல மாமா" என்றாள். நைட் ஷிப்ட் பார்த்த அசதி என்று நினைத்தேன். இல்லையாம். ஒரு புத்தகம் படித்தாளாம்.

விடுதியில் கைமாறி வந்த இங்கிலீஷ் நாவல் அது. பெயர் 'தி ஹேட்சிங்'. முட்டை பொரிப்பது என்று அர்த்தம். அலெக்ஸி ஜென்ட்னர் என்கிற கனடாக்காரர் எசேக்கியல் பூன் என்ற புனைபெயரில் எழுதி 2016-ல் வந்தது. நல்லா ஓடியிருக்கும் போல, 2017-லும் 2018-லும் தொடர்ச்சியாக இன்னும் இரண்டு நாவல் போட்டிருக்கிறார்கள்.

கதை என்ன? பெரு நாட்டுக் காட்டில் கறுப்புத் தண்ணி பாய்கிற மாதிரி ஏதோ ஓடிவந்து ஆட்களைத் தின்றுவிடுகிறது. சீனா தன் மண்ணிலேயே அணுகுண்டு போட்டுக்கொள்கிறது. பெருவில் தோண்டி எடுத்த, பல ஆயிரம் வருசப் பழைய முட்டைப்பை ஒன்று வாஷிங்டனில் ஒரு ஆய்வகத்தில் பொரிக்கிறது. வெளியே வருவது ஆளைத் தின்கிற எட்டுக்கால் பூச்சி. நம்ம நாட்டையும் விடவில்லை. கூட்டம் கூட்டமாக வந்து சில பேரைத் தின்கின்றன, சில பேர் உடம்புக்குள் முட்டை வைத்துவிட்டுப் போகின்றன.

அவள் சொல்லச் சொல்ல திண்ணையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஆளாளுக்கு ஒரு கருத்து.

அவளோடு அறையில் தங்கியிருக்கிற பெண் பாதியிலேயே மூடி வைத்துவிட்டாளாம். இன்னொருத்தி ஒரே ராத்திரியில் முடித்துவிட்டு "சூப்பர், அடுத்த பாகம் எங்க?" என்றாளாம். என் மகனுக்கு நம்பிக்கையே வரவில்லை. "சிலந்தி எங்கடா கூட்டமா வருது? ஒண்ண ஒண்ணு பார்த்தாலே தின்னுடும்" என்றான். அவன் சொன்னது பெரும்பாலும் சரி. ஆனால் நம்ம வேலி முள்ளிலும் கருவேல மரத்திலும் அழுக்குத் துணியைச் சுற்றிவிட்ட மாதிரி கூடு கட்டி, நூற்றுக்கணக்கில் ஒன்றாக வாழ்கிற சிலந்தி ஒன்று உண்டு. குஞ்சுகள் கடைசியில் தாயையே தின்று வளரும். மனுசனை ஒன்றும் செய்யாது. இதைச் சொன்னதும் எங்க அம்மா, எண்பது வயசு, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "பெத்தவள தின்னாத புள்ள எந்த வூட்டுல இருக்குது?" என்றார். திண்ணையே சிரித்தது.

பக்கத்துக் கழனிக்காரர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அவர்கள் சிலந்தியை சாலெபுருகு என்பார்கள், நெசவுப் பூச்சி என்று பொருள். மாவட்ட எல்லை தாண்டினால் கன்னடத்தில் ஜேட. அதற்கும் நெசவாளி என்ற பொருள் உண்டு. (போச்சம்பள்ளி என்றதும் பட்டுச் சேலை ஊர்தானே என்று கேட்கிறவர்களுக்கு: அது தெலங்கானாவில் இருக்கிற போச்சம்பள்ளி. இங்கே மாங்காயும் தேங்காயும் நெல்லும்தான்.) மூணு பாசையிலும் அதுக்கு மரியாதையான பேர் இருக்க, பயம் மட்டும் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

"நெசத்துல கடிச்சா சாவாங்களா மாமா?" என்று கேட்டாள். 2012 மே மாதம் அசாமில் சதியா என்ற ஊரில் சிலந்திக் கூட்டம் கடித்து இரண்டு பேர் இறந்ததாக நாடு முழுக்கச் செய்தி வந்தது. கடிபட்டவர்களை முதலில் பார்த்த நாட்டு வைத்தியர்கள் பிளேடால் கீறி ரத்தம் எடுத்திருந்தார்கள். சிலந்தி விஷத்தால்தான் செத்தார்கள் என்று கடைசிவரை உறுதியாகவில்லை. தோல் கொப்பளித்து எரிந்தால் "சிலந்தி நக்கிடுச்சு" என்கிறோமே, அதில் பல நேரம் குற்றவாளி வேறு. ராத்திரி விளக்குக்கு வருகிற, கறுப்பும் ஆரஞ்சுமாய் எறும்பு மாதிரி இருக்கிற சின்ன வண்டு. உடம்பில் வைத்து நசுக்கினால் அதன் சாறு பட்டுத் தோல் வெந்துபோகும். அந்த வண்டும் நெல் வயலில் நமக்கு நண்பன்தான்.

இதுவரை அண்ணன் வாயே திறக்கவில்லை. கதை முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்தப் பூச்சிங்களத் தின்ன எதுவுமே இல்லியா?"

"இல்ல பெரிய மாமா. அதானே பயமே."

"அப்ப இத நான் பார்த்திருக்கேன். ஆனா எட்டுக்கால் பூச்சி இல்ல. புகையான்."

மூணு வருசத்துக்கு முந்தி பாரூர் ஏரிப் பாசனத்தில் எங்க முக்கால் ஏக்கர் நெல்லில் இலைச்சுருட்டுப் புழு தெரிந்தது. அண்ணன் கடையில் கேட்டு, கொடுத்த மருந்தை அடித்தார். புழு செத்தது. இருபது நாள் கழித்து கழனி நடுவில் வட்டம் வட்டமாக, தீ வைத்த மாதிரி கருகியது. தூரை விலக்கிப் பார்த்தால் பழுப்பு நிறத்தில் தத்துப்பூச்சி மொய்க்கிறது. மறுபடி அடித்தார். வட்டம் பெரிசானது. அந்த வருசம் வைக்கோல்கூடத் தேறவில்லை. மாடு மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

நடந்தது இதுதான். புகையான் முட்டையை இலையுறைக்குள் செருகி வைக்கும். மேலே அடிக்கிற மருந்து அதைத் தொடாது. மருந்தில் சாவது தண்ணிமேல் ஓடித் திரிகிற ஓநாய்ச் சிலந்தி. ஒரு வாரம் பத்து நாளில் முட்டை பொரிக்கும்போது கழனியில் கேட்க ஆளில்லை. சிலந்தி மறுபடி பெருக மாசக்கணக்காகும், புகையானுக்கு ஒரு மாசமே ஒரு தலைமுறை. அந்த நாவல்காரர் பெருவுக்குப் போனதுக்குப் பதில் எங்க கழனிக்கு வந்திருக்கலாம்.

1977-ல் 'கிங்டம் ஆஃப் தி ஸ்பைடர்ஸ்' என்று ஒரு அமெரிக்கப் படம் வந்தது. அதில் பூச்சிமருந்து அடித்து அடித்து சிலந்திகளின் இரை அழிந்துபோக, அவை மாட்டையும் மனுசனையும் தின்ன வருகின்றன. கணக்கைத் தலைகீழாகப் போட்டிருந்தாலும், மருந்துதான் ஆரம்பம் என்று சொன்னார்களே, அந்த அளவுக்குச் சந்தோசம்.

இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்லை. கேரளத்தில் 1973-74-ல் புகையான் பெரிய அழிவு செய்தது. இந்தோனேசியாவில் அரசே மருந்துக்கு மானியம் கொடுத்து அடிக்கச் சொன்னது, அங்கே எழுபதுகளில் நெல்லே போனது. பிலிப்பைன்ஸில் பீட்டர் கென்மோர் என்ற பூச்சியியல் அறிஞர் வயலில் இறங்கி எண்ணிப் பார்த்து, அடிக்காத வயலைவிட அடித்த வயலில்தான் புகையான் பெருகுகிறது என்று காட்டினார். 1986 நவம்பரில் இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோ 57 வகை மருந்துகளை நெல்லுக்கு அடிக்கத் தடை போட்டார். மானியமும் 1989-க்குள் நின்றது. நெல் விளைச்சல் குறையவில்லை.

அன்றைக்கு இதெல்லாம் பேசியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. இந்த வருசமும் தூரில் தத்துப்பூச்சி தெரிய ஆரம்பித்திருந்தது. பக்கத்துக் கழனிக்காரர் காலையிலேயே டேங்க்கோடு வந்து, "இன்னிக்கு நீங்க அடிக்கலன்னா நாளைக்கு என் கழனிக்குத்தான் வரும்" என்றார். அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. அவருக்கும் கடன் இருக்கிறது.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையிலேயே ஒரு கணக்கு உண்டு. சிலந்தி இல்லாவிட்டால் தூருக்கு 1 புகையான் என்பது எச்சரிக்கை அளவு. குத்துக்கு 1 சிலந்தி இருந்தால் தூருக்கு 2 வரை பொறுக்கலாம். ஆக, அடிக்கிறதா வேண்டாமா என்று முடிவு பண்ணும் முன் எட்டுக்கால் பூச்சியை எண்ண வேண்டும். எத்தனை கடையில் இதைச் சொல்கிறார்கள்?

இருட்டினதும் தலையில் டார்ச் மாட்டிக்கொண்டு போனோம். பக்கத்துக் கழனிக்காரரும் வந்தார். தங்கச்சி மகள் வரப்பிலேயே நின்றாள். டார்ச் வெளிச்சத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் ஓநாய்ச் சிலந்தியின் கண் பச்சையாக மின்னும். தூருக்குத் தூர் பொட்டுப் பொட்டாக மின்னியது. "அதெல்லாமா?" என்றாள். "அதெல்லாம்தான்" என்றார் அண்ணன். ஒன்று நாளுக்கு 5 முதல் 15 பூச்சி வரை தின்னும். குஞ்சு பொரித்தால் அறுபது எண்பதை முதுகில் சுமந்துகொண்டு திரியும். அப்படி ஒன்றைக் காட்டியதும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். கைப்பையில் இருந்த நாவலின் கடைசி வெற்றுப் பக்கத்தில் கணக்கு எழுதியதும் அவள்தான். 20 குத்தில் 23 சிலந்தி. புகையான் தூருக்கு ஒன்றுக்குக் கொஞ்சம் மேலே.

சிலந்தியை நம்பிச் சும்மா இருந்துவிடவில்லை. மறுநாள் தண்ணியை வடித்துக் காயவிட்டோம். எட்டடிக்கு ஓரடி பட்டம் நடவிலேயே விட்டிருந்ததால் காத்தும் வெளிச்சமும் தூருக்குப் போனது. பச்சைப் பசேல்னு இருக்கட்டும் என்று யூரியா போடுகிற பழக்கத்தை அண்ணன் போன வருசமே விட்டுவிட்டார். வேப்பங்கொட்டைக் கரைசல் 5 சதவீதம், அடித்தூரில் படும்படி ஒரு தடவை. வரப்பில் தட்டைப்பயறு இருக்கிறது, அதில் சிலந்தி ஒதுங்கும். புகையான் எல்லை மீறிப் பெருகிய பிறகு சிலந்தி ஒன்றும் செய்ய முடியாது. முந்தியே இருக்க விட வேண்டும்.

அடுத்த ஞாயிறு எண்ணினோம். 20 குத்தில் 26 சிலந்தி, புகையான் தூருக்கு ஒன்றுக்கும் கீழே. இதை எழுதும்போது பயிர் பால் பிடிக்கிறது. பக்கத்துக் கழனிக்காரர் டேங்க்கை இன்னும் தூக்கி வைக்கவில்லை, மோட்டார் கொட்டகையிலேயே இருக்கிறது. ஆனால் வாரா வாரம் வந்து, "இன்னிக்கு எத்தன?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்.