இந்த நினைவகம் யாருக்குச் சொந்தம்?

பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான் பக்கம் செம்பனைத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு லோரி நிறுப்பது தெரிந்த காட்சி. குலைகளோடு வரும் லோரியை ஆலையில் ஒருமுறை நிறுப்பார்கள். கொட்டிய பிறகு வெறும் லோரியை மறுபடியும் நிறுப்பார்கள். வித்தியாசம்தான் குலைகளின் எடை. முதல் எடையைச் சீட்டில் பதியாமல், திரையில்தான் தெரிகிறதே என்று விட்டால் கணக்கு போச்சு. இரண்டாம் முறை நிறுத்ததும் பழைய எண் அழிந்துவிடும்.

சி மொழி படிக்கும் மாணவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடமும் இதுதான். நேரத்தை ஆண்டு, மாதம், மணி என்று பிரித்துத் தரும் 'லோக்கல்டைம்' என்ற ஃபங்ஷன், விடை இருக்கும் இடத்தின் முகவரியை மட்டுமே தருகிறது. அந்த இடம் நூலகத்துக்குச் சொந்தம். பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான். லோரி நுழைந்த நேரத்துக்கு ஒருமுறை, வெளியேறிய நேரத்துக்கு ஒருமுறை அதை அழைத்துவிட்டு, பிறகு இரண்டு முகவரிகளையும் பாருங்கள். இரண்டிலும் வெளியேறிய நேரமே இருக்கும். லோரி ஆலைக்குள் இருந்தது 0 நிமிடம்! கம்பைலரும் இதைப் பிழை என்று சொல்லாது. முதல் விடையை உடனே நகலெடுத்துக்கொள்ள வேண்டும். அல்லது நாம் கொடுக்கும் இடத்திலேயே விடையை எழுதும் 'லோக்கல்டைம்_ஆர்' ஃபங்ஷனைப் பயன்படுத்தலாம்.

'ஸ்டிர்டப்' இதற்கு நேர் எதிர். எழுத்துச் சரத்தைப் புதிய நினைவகத்தில் நகலெடுத்து நம்மிடமே ஒப்படைக்கிறது. வேலை முடிந்ததும் 'ஃப்ரீ' செய்வது நம் பொறுப்பு. செய்யாவிட்டால், நாள்கணக்கில் அணைக்காமல் ஓடும் நிரலில் நினைவகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். 'கெட்என்வ்' தருவதையோ 'ஃப்ரீ' செய்யவே கூடாது, திருத்தவும் கூடாது. தோட்டத்து லயத்து வீடு மாதிரி: குடியிருக்கலாம், விற்க முடியாது.

சிக்கல் என்னவென்றால், 'ஸ்டிர்டப்', 'கெட்என்வ்' இரண்டும் தருவது ஒரே வகை பாயிண்டர்தான். பார்வைக்கு வேறுபாடே தெரியாது. லினக்ஸ் கையேட்டின் மூன்றாம் பகுதியில் அந்தந்த ஃபங்ஷனின் பக்கத்தைப் படித்தால்தான் உரிமையாளர் யார் என்று தெரியும். பாடக் குறிப்புகள் இதை ஒரே வரியில் கடந்துபோவது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

வீட்டில் சோதிக்க ஒரு வழி. 'லோக்கல்டைம்' ஃபங்ஷனுக்கு முதலில் 0, அடுத்து இப்போதைய நேரம் கொடுத்து, கடைசியில் இரண்டு விடைகளையும் அச்சிடுங்கள். கணினியின் நேர மண்டலம் கோலாலம்பூர் என்றால், முதல் விடை 1970 ஜனவரி 1, காலை 7.30 என்று வர வேண்டும். 8.00 அல்ல, தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி முன்னே நகர்ந்தது 1982 ஜனவரி 1-இல்தான். ஆனால் உங்கள் திரையில் இரண்டு வரிகளிலும் இன்றைய தேதியே வரும்.