வானத்துச் சந்திகள்

ஒரு துறைமுகத்தின் தலைவிதியை இன்னொரு துறைமுகம் மாற்றியமைத்த கதைகள் சரித்திரத்திலே பல உண்டு. அவற்றுள் ஒன்று நமது நாட்டிலேயே நிகழ்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஐரோப்பாவிலிருந்து கீழைத்தேயங்களுக்குச் சென்ற தபாற் கப்பல்கள் நிலக்கரி ஏற்றவும் பிரயாணிகளை மாற்றவும் காலித் துறைமுகத்தையே நாடின. 1875ஆம் ஆண்டிலே கொழும்பில் அலைதடுப்பு அணையின் வேலை தொடங்கிற்று. 1885இல் அது நிறைவெய்தியது. அதன் பின்னர் காலியின் கோட்டை மதில்கள் பழம்பெருமையின் சாட்சிகளாயின.

கொழும்பு வென்றது அணையினால் மட்டுமன்று. கண்டிப் புகையிரதப் பாதை 1867இலேயே அங்கு வந்து சேர்ந்துவிட்டது. அரசாங்கக் கந்தோர்களும் வர்த்தகர்தம் பண்டகசாலைகளும் அங்கேயே இருந்தன. அணை எழுமுன்னரே கொழும்பு ஒரு சந்தியாக இருந்தது. அணை அச்சந்திக்கு ஒரு வாசலை அமைத்துக் கொடுத்தது. இவ்வுண்மையை மனத்திற் கொண்டு, இன்று உலகெங்கும் பழைய விமான நிலையங்களுக்கும் புதிதாகக் கட்டப்பட்ட விமான நிலையங்களுக்கும் இடையே நடைபெறும் போட்டியை நோக்குவோமாயின், பல விடயங்கள் தெளிவாகும்.

சந்தியின் கணக்கு

ஓர் ஊருக்குச் செல்வோர் இறங்கும் இடம் வேறு. ஓரிடத்திலிருந்து வந்து வேறோரிடத்துக்குச் செல்வோர் விமானம் மாறும் இடம் வேறு. பின்னதனையே நாம் சந்தி என்கின்றோம். நான்கு தெருக்கள் கூடுமிடத்திற் கடைகள் தாமே முளைப்பது போல, பல வான்வழிகள் கூடுமிடத்திலேயே இத்தகைய பெருநிலையம் உருவாகின்றது.

இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. ஒரு நிலையத்திலே காலைப் பொழுதில் 20 ஊர்களிலிருந்து 20 விமானங்கள் வந்து இறங்குகின்றன என்றும், சிறிது நேரத்துள் வேறு 20 ஊர்களுக்கு 20 விமானங்கள் புறப்படுகின்றன என்றும் கொள்வோம். வந்தவர் எவரும் புறப்படும் எந்த விமானத்திலும் ஏறலாம். ஆகவே பிரயாணிக்குக் கிடைக்கும் வழிகள் 400. இனி, இதே விமானங்களை இரண்டு நிலையங்களுக்குச் சரிபாதியாகப் பகிர்ந்து விடுவோம். ஒவ்வொரு நிலையத்திலும் பத்து வரும், பத்துப் போகும், வழிகள் நூறு. இரண்டையுங் கூட்டினாலும் 200 மட்டுமே. விமானம் ஒன்றேனுங் குறையவில்லை. ஆனால் வழிகள் பாதியாகிவிட்டன. வருபவற்றையெல்லாம் ஒரு நிலையத்திலும் போகின்றவற்றையெல்லாம் மற்றதிலும் நிறுத்துவோமாயின், வழி ஒன்றும் எஞ்சாது. சந்தியைப் பிளந்தால் இரண்டு சந்திகள் பிறப்பதில்லை. இருந்த சந்தியும் அழிந்துபோகிறது.

இந்தக் கணக்கை மறந்தவர்கள் கட்டிய மாளிகை ஒன்றின் வரலாறே கனடாவின் மிராபெல்.

மிராபெல்

1960களிலே மொன்றியல் நகரம் கனடாவின் கிழக்கு வாசலாகச் செழித்திருந்தது. 1967இல் உலகக் கண்காட்சி அங்கு நடைபெற்றது. 1976இல் ஒலிம்பிக் விழா நடைபெற இருந்தது. நகருக்கு அண்மையிலிருந்த டொர்வல் விமான நிலையம் பெருகிவரும் பிரயாணிகளுக்குப் போதாது என மத்திய அரசாங்கம் கருதிற்று. 1969ஆம் ஆண்டிலே, பியர் ட்ரூடோ பிரதமராயிருந்தபோது, நகரின் வடமேற்கே ஏறக்குறைய 55 கிலோமீற்றர் தொலைவிலே புதிய நிலையம் ஒன்று அமையுமென அறிவிக்கப்பட்டது. அதற்காக 97,000 ஏக்கர் நிலம் சுவீகரிக்கப்பட்டது. எதிர்காலத்தில் விமானங்களின் இரைச்சல் பற்றி முறையிட அயலவர் எவரும் இருத்தல் கூடாதென்பது இத்துணைப் பெரிய பரப்பை எடுத்ததற்கு ஒரு காரணம். ஏறக்குறைய 3,000 குடும்பங்கள் தம் நிலவுரிமையை இழந்தன. பாற்பண்ணைகளும் மேப்பிள் மரத்தோப்புகளும் நிறைந்த பழைய கமக்காரக் கிராமங்கள் அவை. தலைமுறை தலைமுறையாக உழுத நிலத்திலேயே பலர் அரசாங்கத்தின் குத்தகைக்காரராயினர்.

1975 ஒக்டோபர் 4ஆம் திகதி மிராபெல் திறக்கப்பட்டது. நிலப்பரப்பால் அன்று உலகிலேயே மிகப் பெரிய விமான நிலையம் அதுவே. ஆயினும் டொர்வல் மூடப்படவில்லை. கடல் கடந்து வரும் விமானங்கள் மிராபெலுக்கு. உள்நாட்டு விமானங்களும் ஐக்கிய அமெரிக்காவுக்குச் செல்பவையும் டொர்வலுக்கு என்று பங்கீடு செய்யப்பட்டது. பாரிஸிலிருந்து வந்து வேறொரு கனடிய நகருக்குச் செல்ல வேண்டிய பிரயாணி ஒருவர் மிராபெலில் இறங்கிப் பெட்டி படுக்கைகளுடன் பஸ் ஏறி டொர்வலுக்குச் சென்று அங்கிருந்து மீண்டும் பறக்க வேண்டியவரானார். நாம் மேலே கண்ட கணக்கின் மிகக் கொடிய பங்கு இதுவேயன்றோ? எந்த இரண்டு வழிகள் கூடவேண்டுமோ அவ்விரண்டையுமே பிரித்துவிட்டனர்.

இடத்தைத் தெரிந்தெடுப்பதிலும் மத்திய அரசாங்கமும் கியூபெக் மாகாண அரசாங்கமும் மாறுபட்டு நின்றன. நகரையும் நிலையத்தையும் இணைக்குமென எண்ணிய விரைவுப் புகையிரதம் ஓடவேயில்லை. திட்டமிட்ட நெடுஞ்சாலைகளும் குறைபட்டே கிடந்தன. அதே காலத்தில் விமானங்களின் ஆற்றலும் வளர்ந்தது. அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடக்கும் விமானங்கள் எரிபொருளுக்காக நியூபவுண்லாந்தின் காண்டரில் இறங்கிய காலம் முன்பே மறைந்திருந்தது. இப்போது ஐரோப்பாவிலிருந்து புறப்பட்டவை மொன்றியலைத் தாண்டி ரொறன்ரோவுக்கு நேரே பறந்தன. பஸ் பிரயாணத்தை வெறுத்தவர்கள் ரொறன்ரோவிலே விமானம் மாறினர். டொர்வலும் மிராபெலும் தமக்குள் பங்கு பிரித்துக்கொண்டிருக்க, மூன்றாமவர் சந்தியைக் கொண்டு சென்றார்.

ஆண்டொன்றுக்கு முப்பது இலட்சம் பிரயாணிகளை மிராபெல் ஒருபோதும் காணவில்லை. 1997இல் கடல் கடந்த சேவைகளும் டொர்வலுக்குத் திரும்ப அனுமதிக்கப்பட்டன. 2004 ஒக்டோபர் 31ஆம் திகதி கடைசிப் பிரயாணி விமானம் மிராபெலை விட்டுச் சென்றது. பயனின்றிக் கிடந்த மண்டபத்தை இடிக்கும் வேலை 2014இல் தொடங்கியது. இன்று அங்கே சரக்கு விமானங்கள் இறங்குகின்றன. விமானத் தொழிற்சாலைகள் இயங்குகின்றன. விதியின் விளையாட்டைப் பாருங்கள்! 2004ஆம் ஆண்டிலேயே டொர்வல் நிலையத்துக்குப் புதுப் பெயர் சூட்டப்பட்டது. மிராபெலைத் தோற்றுவித்த ட்ரூடோவின் பெயரே அது.

இக்கதையில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1983ஆம் ஆண்டின் வன்செயல்களுக்குப் பின்னர் கனடாவை நாடிய நம்மவர் பலர் முதலிற் குடியேறிய நகரம் மொன்றியல். அக்காலத்தில் ஐரோப்பாவிலிருந்து அந்நகருக்குச் சென்ற விமானங்கள் இறங்கிய இடம் மிராபெலே. தம் மண்ணை விட்டுச் சென்றவர்கள், வேறோர் உழவர் கூட்டம் இழந்த மண்ணிலே முதலடி வைத்தனர். இருசாராரும் ஒருவரையொருவர் அறியார்.

வென்றவர்கள் செய்ததென்ன?

அப்படியாயின் புதிய நிலையங்கள் யாவும் தோற்றுவிடுமோ? அவ்வாறு கூறுதல் தவறு. சிங்கப்பூரை நோக்குக. அதன் பழைய நிலையமான பாயா லேபார் 1955இல் திறக்கப்பட்டது. சூழவும் நகரம் நெருங்கிவிட, விரிவடைய இடமின்றித் தவித்தது. 1975இல் அந்நாட்டரசு அதனைப் பெருப்பிக்கும் எண்ணத்தைக் கைவிட்டு, தீவின் கிழக்கு முனையிலே, கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தையுஞ் சேர்த்து, சாங்கி நிலையத்தைக் கட்ட முடிவு செய்தது. 1981 ஜூலை முதலாந் திகதி சாங்கி இயங்கத் தொடங்கியபோது, பாயா லேபாரின் பிரயாணிச் சேவை முற்றாக நின்றது. கிழக்குக் கடற்கரைப் பெருஞ்சாலையும் அவ்வாண்டிலேயே நிறைவுற்றது. சந்தியை அவர்கள் பிளக்கவில்லை. வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நட்டார்கள்.

துருக்கியரும் அவ்வாறே செய்தனர். இஸ்தான்புல்லின் புதிய நிலையம் 2018 ஒக்டோபரில் சம்பிரதாய முறைப்படி திறக்கப்பட்டது. 2019 ஏப்ரல் மாதத்திலே அத்தாதுர்க் நிலையத்தின் பிரயாணி விமானங்கள் யாவும் ஒரே வார இறுதியில் அங்கு இடம் மாறின. மாறாக, பாங்கொக்கிலே சுவர்ணபூமி 2006இல் திறக்கப்பட்டுச் சில மாதங்களுக்குள் பழைய டொன் முவாங் மீண்டும் உயிர்பெற்றது. இன்று மலிவுச் சேவைகளின் இருப்பிடமாக அது விளங்குகின்றது. பழைய நிலையம் நகருக்கு அண்மையிலுள்ளது, மக்களுக்குப் பழக்கமானது. அதனுடைய பலம் கட்டடத்தில் இல்லை, பழக்கத்தில் உள்ளது.

துபாயின் கதை மேலும் சுவையானது. 1960இல் மணலை இறுக்கி அமைத்த ஓடுபாதையோடு தொடங்கிய அந்நிலையம், 1985இல் எமிரேட்ஸ் விமான சேவை பிறந்த பின்னர் விரைந்து வளர்ந்தது. ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் ஆபிரிக்காவுக்கும் இடைப்பட்ட அதன் இருக்கையும் அதற்குத் துணையாயிற்று. சர்வதேசப் பிரயாணிகளின் எண்ணிக்கையில் நெடுங்காலம் முதன்மை வகித்த லண்டன் ஹீத்ரோவை 2014இல் அது முந்தியது. அத்தகைய துபாயே தன் தெற்குப் புறத்தில் அல் மக்தூம் என்ற பெரிய நிலையத்தை அமைத்து, 2010இல் சரக்குக்கும் 2013இல் பிரயாணிகளுக்கும் திறந்தது. ஆனால் எமிரேட்ஸின் பிரயாணி விமானங்கள் பழைய நிலையத்தை விட்டுப் பெயரவில்லை, புதியது சந்தியாகவுமில்லை. பழைய நிலையத்தின் சேவைகள் அனைத்தையும் பத்தாண்டுகளுக்குள் அங்கு மாற்றுவதென்று 2024இல் அறிவித்தனர். சந்தி இரண்டுபட்டு வாழாது என்பதை, செல்வம் மிகுந்த நகரமும் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

நமது பாடம்

இவற்றையெல்லாம் அறிந்தபின் மத்தளையைப் பற்றிப் பேசாதிருத்தல் இயலாது. 2013 மார்ச் 18ஆம் திகதி அங்கே 3,500 மீற்றர் நீளமான ஓடுபாதையோடு ஒரு சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது. ஆண்டுக்குப் பத்து இலட்சம் பிரயாணிகளை ஏற்கவல்லதாக அது அமைக்கப்பட்டது. ஸ்ரீலங்கன் விமான சேவை அதனைத் தன் இரண்டாவது சந்தியாக்க முயன்று, 2015 ஜனவரியிலே அம்முயற்சியைக் கைவிட்டது. அவ்வாண்டிலேயே அதன் சரக்குக் களஞ்சியங்களில் நெல் சேமிக்கப்பட்டது. கட்டுநாயக்க தன் இடத்திலேயே இருந்தது. கொழும்பும் அதன் அருகிலேயே இருந்தது. இரண்டாவது சந்திக்கு வேண்டிய விமானங்கள் முதலாவதிலிருந்தே பிரிந்து வரவேண்டியிருந்தன. கணக்கு மொன்றியலில் எவ்வாறோ அவ்வாறே இங்கும்.

அணையுங் கட்டலாம், ஓடுபாதையுங் கட்டலாம். வழிகள் வந்து கூடுவதைக் கட்டளையால் உண்டாக்க முடியாது. ஆகவே புதிய நிலையமொன்றுக்கு அத்திவாரம் இடுமுன்னர் கேட்கவேண்டிய வினாக்கள் இரண்டு. பழைய சந்தியை முழுமையாகப் பெயர்த்துக் கொணரும் துணிவும் வசதியும் உண்டா? இல்லையெனில், எவருடைய நிலத்தின் மீது இந்தப் பரீட்சை நடத்தப்படுகின்றது?

மிராபெலிலே சுவீகரித்த நிலத்தின் பெரும்பகுதி 1980களின் நடுப்பகுதியிலே பழைய சொந்தக்காரர்களுக்கு மீண்டுங் கிடைக்க வழிசெய்யப்பட்டது. மேலும் 11,000 ஏக்கரைத் திருப்பிக் கொடுக்கும் முடிவு 2006இல் அறிவிக்கப்பட்டது. முதல் அறிவித்தலுக்கும் கடைசி அறிவித்தலுக்கும் இடையே கழிந்தவை முப்பத்தேழு ஆண்டுகள். 1969இலே தம் தோட்டத்தை விட்டு வெளியேறிய வயோதிபருள், அது மீண்டதைக் காண எஞ்சியிருந்தவர் சிலரேயாவர். நிலத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். அதில் உழுதிருக்க வேண்டிய ஆண்டுகளை எவராலுந் திருப்பிக் கொடுத்தல் இயலாது.