ஆயிலை எரிக்கும் கார் என்ஜின்: பிரிப்பதற்கு முன் கவனிக்க வேண்டியவை என்ன?

புது தில்லி: அடுத்த சர்வீஸுக்கு வெகு முன்பே என்ஜின் ஆயில் குறைந்து விடுவது, பழைய கார் வைத்திருப்போர் பலர் சந்திக்கும் சிக்கலாகும். என்ஜினைப் பிரித்துப் புதுப்பிப்பதே இதற்குத் தீர்வு என்று பணிமனைகளில் கூறப்படுவது உண்டு. ஆனால், சிறிய வால்வு ஒன்றின் பழுதாலும் இதே நிலை ஏற்படக்கூடும். எனவே, பெருஞ்செலவுக்கு ஒப்புக்கொள்ளும் முன் காரணத்தைக் கண்டறிவது அவசியம்.

அளவிடுவது எப்படி?

சமதளத்தில் காரை நிறுத்தி, என்ஜினை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து டிப்ஸ்டிக் மூலம் ஆயில் அளவைப் பார்க்க வேண்டும். மேல் குறி வரை ஆயில் நிரப்பி, ஓடிய கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு, 1,000 கி.மீ. ஓடியபின் மீண்டும் அளந்தால் உண்மையான செலவு தெரியும். பெரும்பாலான கார்களில் இரு குறிகளுக்கும் இடைப்பட்ட அளவு ஏறத்தாழ 1 லிட்டர். எவ்வளவு குறைவது இயல்பானது என்பது காரின் கையேட்டில் தரப்பட்டிருக்கும், 1,000 கி.மீ.க்கு அரை லிட்டர் வரை ஏற்கும் நிறுவனங்களும் உள்ளன.

ஆயில் எரியாமல் கசிந்தும் குறையலாம். இரவில் காருக்கு அடியில் அட்டையை விரித்து வைத்தால், தரையில் சொட்டும் கசிவு மறுநாள் காலையில் தெரிந்துவிடும்.

புகை உணர்த்தும் காரணம்

சைலன்சரில் நீல நிறப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள். கறுப்புப் புகை எரிபொருள் மிகுதியையும், தொடர்ந்து வரும் அடர்ந்த வெண்புகை குளிர்விப்பு நீர் கசிவதையும் குறிக்கலாம்.

காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் நீலப்புகை தோன்றி மறைந்தால், வால்வு சீல்கள் இறுகித் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். வேகமெடுக்கும்போது புகை கூடினால் பிஸ்டன் ரிங்குகள் மீது சந்தேகம் கொள்ளலாம். டர்போ உள்ள கார்களில், அதன் சீல் பழுதாகியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

எளியதில் இருந்து தொடங்குக

முதலில் சோதிக்க வேண்டியது பிசிவி வால்வு. என்ஜினின் அடிப்பகுதியில் சேரும் வாயுக்களை மீண்டும் எரிப்பதற்கு அனுப்பும் இந்த வால்வு, திறந்த நிலையில் சிக்கிக்கொண்டால் ஆயில் துளிகளும் உறிஞ்சப்படும். அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் கூடி, சீல்கள் வழியே ஆயில் வெளியேறும். பல கார்களில் இதை எளிதாக மாற்றிவிடலாம்.

அடுத்தது கம்ப்ரஷன் சோதனை. அழுத்தம் குறைவாக உள்ள சிலிண்டரில் சிறிதளவு ஆயில் ஊற்றி மீண்டும் அளக்கும்போது அழுத்தம் உயர்ந்தால், ரிங் அல்லது சிலிண்டர் சுவர் தேய்ந்துள்ளது எனலாம். உயராவிட்டால் வால்வு அல்லது ஹெட் காஸ்கெட்டில் பழுது இருக்கக்கூடும். அழுத்தம் சரியாக இருந்தாலும், ஆயிலை வழித்தெடுக்கும் ரிங் மட்டும் கரி படிந்து சிக்கியிருக்கலாம். எனவே, இந்த ஒரு சோதனையை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது.

வால்வு சீல்களைப் பல என்ஜின்களில் ஹெட்டைக் கழற்றாமலேயே மாற்ற முடியும். ரிங்குகளை மாற்றுவதற்கு என்ஜினைப் பிரித்தாக வேண்டும். சிலிண்டர் அதிகம் தேய்ந்திருந்தால் போரிங் செய்ய நேரிடும். தடிமனான ஆயிலுக்கு மாறுவது செலவைச் சற்றுக் குறைக்கலாம். எனினும், கையேடு அனுமதிக்கும் வகையைத் தாண்டிச் செல்வது என்ஜினுக்குக் கேடு.

அலட்சியம் கூடாது

டேஷ்போர்டில் எரியும் சிவப்பு ஆயில் விளக்கு, பெரும்பாலான கார்களில் ஆயிலின் அளவை அல்ல, அழுத்தத்தையே காட்டுகிறது. அது எரியும்போது பேரிங்குகள் சேதமடையத் தொடங்கியிருக்கலாம் என்பதால், உடனே என்ஜினை அணைக்க வேண்டும். எரியும் ஆயிலில் உள்ள பாஸ்பரஸ், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் படிப்படியாகச் செயலிழக்கச் செய்யும்.

மேலும், 2019-ம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி, மாசு விதிகளை மீறி வாகனம் ஓட்டுவோருக்கு ரூ.10,000 வரை அபராதம் விதிக்க இடமுண்டு.

புகையின்றி, கையேட்டின் வரம்புக்குள் ஆயில் குறையும் காருக்கு, வாரம் ஒருமுறை அளவு பார்த்து ஆயில் ஊற்றி வருவதே போதுமானது. வரம்பைத் தாண்டினால், சோதனை முடிவுகளை எழுத்தில் பெற்ற பின்னரே என்ஜினைப் பிரிக்கச் சம்மதிப்பது நல்லது.