நீலகண்டர் ஐவர்



ஒரு பெயரைப் பலர் தாங்குதல் உலக வழக்கு. ஒரே தெருவில் இரண்டு நீலகண்டர் வாழ்ந்தால், "எந்த நீலகண்டர்?" என்று வினவுகின்றோம். அதற்கு வரும் விடை ஊரைச் சொல்லும். அன்றேல் தொழிலைச் சொல்லும். இது மிகச் சிறிய செய்தியாகத் தோன்றும். ஆயினும் இச்சிறிய செய்தியில் அடியேன் ஒருமுறை இடறி விழுந்ததுண்டு. அதனை ஒப்புக்கொண்டு மேலே செல்வதே முறை.

நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர்க் கொள்ளிடக்கரைச் சிற்றூர் ஒன்றில் திருவிழா. அடியேன் மேடையேறத் தொடங்கிய காலம் அது. எடுத்துக்கொண்ட பொருள் தில்லைத் திருநீலகண்ட நாயனார் வரலாறு. கூட்டம் பெரிது, குரலும் நன்கு வாய்த்தது, நேரமோ குறுகியது. பேச்சின் வேகத்தில், ஆலவாய்ப் பெருமான் பொற்பலகை இடுவித்த சிறப்பினையும் தில்லை நாயனார்மேலேயே ஏற்றிச் சொல்லிவிட்டேன். கூட்டம் மகிழ்ந்தது. எவரும் மறுக்கவில்லை.

கூட்டம் கலைந்தபின் முதியவர் ஒருவர் அருகே வந்தார். அவ்வூரில் மட்பாண்டம் வனைபவர். அவருடைய நகக்கண்களில் களிமண் காய்ந்திருந்தது. "சாமி, பொற்பலகை எங்க ஆளுக்கு வேண்டாங்க. அது யாழ்க்காரருக்குக் கொடுத்தது. எங்களுக்குன்னு இருக்கிறது அந்த மண்ணு ஓடு ஒண்ணுதான். அதைப்பத்தி நீங்க ரெண்டு வார்த்தைகூடச் சொல்லலீங்களே" என்றார். சினம் இல்லை, வருத்தமே இருந்தது. அன்று இரவு அடியேனுக்கு உறக்கம் இல்லை. தம் குலத்தார்க்குப் பொன்னைச் சேர்த்துக் கொடுத்தபோதும், "அது எமதன்று, எம் மண்ணைத் தா" என்று கேட்டவர் அவர். அவரால் விளைந்ததே இக்கட்டுரை.

பெயரின் பொருள்

நீலம் என்பது நிறம். கண்டம் என்பது கழுத்து. கறைமிடற்றன், மணிமிடற்றன் என்று தமிழ் வழங்கும் பெயரும் இதுவே. தேவரும் அசுரரும் மந்தரமலையை மத்தாகவும் வாசுகியைக் கயிறாகவும் கொண்டு பாற்கடலைக் கடைந்தபோது, அமுதத்திற்கு முன் ஆலகால நஞ்சு எழுந்தது. பெருமான் அதனை ஏற்றருளினான். உள்ளே செலுத்தியிருந்தால் அவன் திருவயிற்றுள் அடங்கிய உயிர்கள் வெந்திருக்கும். வெளியே உமிழ்ந்திருந்தால் புறத்தே நின்ற உயிர்கள் வெந்திருக்கும். ஆதலின் விழுங்காமலும் உமிழாமலும் மிடற்றிலே நிறுத்தினான். பிறர் வாழும்பொருட்டுத் தன்னிடத்தே கொடியதைத் தாங்கி நிற்றலே இப்பெயரின் பொருள் என்று அறிக.

இப்பொருளைச் சங்கச் சான்றோரும் அறிந்திருந்தனர். அரிதிற் கிடைத்த நெல்லிக்கனியைத் தான் உண்ணாது தந்த அதியமான் நெடுமான் அஞ்சியை, நீலமிடற்றுப் பெருமானைப்போல நிலைத்து வாழ்க என்று ஔவையார் வாழ்த்தியதைப் புறநானூற்றில் காணலாம். தனக்குக் கிடைத்த நெடுவாழ்வைப் பிறர்க்கு ஈந்தவனுக்கு, நஞ்சுண்டும் சாவாத பெருமானையே உவமையாக்கினார். திருஞானசம்பந்தர் கொங்குநாட்டுக் கொடிமாடச் செங்குன்றூரில், இன்றைய திருச்செங்கோட்டில், உடன்வந்த அடியார்கள் பனிச்சுரத்தால் வருந்தியபோது பாடியருளியதும் திருநீலகண்டப் பதிகமே.

இத்தகைய திருப்பெயரைத் தாங்கியோர் எண்ணிறந்தோர். அவருள் ஐவரை ஈண்டு எண்ணுவோம். ஐவரும் ஐந்து தொழிலினர்.

முதலாமவர்: குயவனார்

தில்லையில் வேட்கோவர் குலத்தில் தோன்றியவர். சிவனடியார்க்குத் திருவோடு வனைந்து வழங்குதலே அவர் தொண்டு. திருநீலகண்டம் என்று ஓவாது கூறி வந்தமையால் அதுவே அவர் பெயராயிற்று. இளமையில் பரத்தைபால் சென்று மீண்டவரை, மனைவியார் திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டு, "எம்மைத் தீண்டற்க" என்றார். "என்னை" என்னாது "எம்மை" என்ற பன்மையைக் கேட்ட நாயனார், இனிப் பெண்டிர் எவரையும் மனத்தாலும் தீண்டேன் என்று உறுதி பூண்டார். ஒரே மனையில் வாழ்ந்தும், அயலார் அறியாவண்ணம், முதுமை எய்தும்வரை அவ்வாணையைக் காத்தனர் இருவரும். ஒரு சொல்லை உமிழாமலும் மறவாமலும் வாழ்நாள் முழுதும் தாங்கிய மிடறு அது.

பின்னர்ப் பெருமான் சிவயோகியாய் வந்து ஓர் ஓட்டினை அடைக்கலமாகத் தந்து, அதனை மறைத்துவிட்டு, மீண்டும் வந்து கேட்டான். நாயனார் வேறோர் ஓடு தருவதாகக் கூறினார். பொன்னால் செய்து தந்தாலும் கொள்ளேன், யான் தந்த மண்ணோடே வேண்டும் என்று மறுத்துவிட்டான். கொள்ளிடக்கரை முதியவர் அன்று அடியேனிடம் சொன்னதும் இதுவேயன்றோ! படித்துப் படித்துச் சொன்னவன் மறந்ததைப் பானை வனைந்தவர் மறக்கவில்லை.

முடிவில் வழக்கு அவையேறியது. மனைவியின் கைப்பற்றிக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய்க என்றபோது, நாயனார் தம் மனைச்செய்தியை ஊரறியக் கூறி, மூங்கிற்கோலின் இருதலையை இருவரும் பற்றி மூழ்கினார். எழுந்தபோது இளமை பெற்றனர். சிதம்பரத்தில் இளமையாக்கினார் திருக்கோயிலும் அதன் திருக்குளமும் இன்றும் அதனை நினைவூட்டி நிற்கின்றன.

இரண்டாமவர்: பாணனார்

எருக்கத்தம்புலியூரில் தோன்றிய திருநீலகண்ட யாழ்ப்பாணர். விருத்தாசலத்தை அடுத்த இராசேந்திரபட்டினம் என்பது அவ்வூரின் இன்றைய பெயர். அவர் துணைவியார் மதங்கசூளாமணியார். ஆலவாய் வாயிலில் நின்று யாழிசைத்தவரை உள்ளே அழைத்துவருமாறு பெருமான் அடியார் கனவில் ஏவினான். திருமுன் அமர்ந்து வாசிக்கையில், தரையின் ஈரம் தாக்கினால் நரம்பின் கட்டுத் தளரும், பலகை இடுக என்று அசரீரியாய் அருளினான். அவ்வாறு இட்டதே அந்தப் பொற்பலகை. யாழின் இயல்பறிந்து இடப்பட்ட இருக்கை அஃது என்பதைக் கருதுக. அதனைக் குயவனார்க்கு ஏற்றினால், பாணரின் தொழில்நுட்பமும் பெருமான் அதனை மதித்தருளிய பெருங்கருணையும் ஒருங்கே மறைந்துவிடும். பிழை சிறிதன்று.

பாணர் பின்னர்ச் சம்பந்தப் பிள்ளையாரை அடைந்து, அவர் பாடலை யாழிலிட்டு உடன் சென்றார். அவர்தம் தாயார் பிறந்த தருமபுரத்தில் சுற்றத்தார், பாணர் யாழிசைப்பதனாலன்றோ பதிகம் பரவுகின்றது என்று புகழ்ந்தனர். (காரைக்காலை அடுத்த தலம் இது, மயிலாடுதுறையை அடுத்த ஆதீனத்து ஊர் வேறு. பெயரொற்றுமை ஊர்க்கும் உண்டு.) அப்புகழ் பாணர்க்கு நஞ்சாயிற்று. யாழில் அடங்காத பதிகம் ஒன்று பாடியருளுக என்று பிள்ளையாரைத் தாமே வேண்டினார். பிள்ளையார் பாடினார், யாழில் அடங்கவில்லை. யாழை உடைக்க ஓங்கிய கையைப் பிள்ளையார் தடுத்து, இயன்ற அளவு இசைப்பீராக என்று யாழை மீண்டும் அளித்தார். தமக்குரிய புகழினும் மிகையான புகழைப் பாணர் ஏற்கவில்லை. பொற்பலகை பெற்றவரும் மண்ணோட்டுக்காரரும் இதில் ஒரே நிறையினர்.

சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத்தொகையில் இவ்விருவரையும் எவ்வாறு வேறு பிரித்தார் என்பது நோக்கத்தக்கது. முதற் பாடலில் ஒருவரைக் குயவனார் என்றும், இறுதிப் பாடலில் மற்றவரைப் பாணனார் என்றும் தொழிலால் சுட்டினார். உயர்ந்த தொழில், தாழ்ந்த தொழில் என்று உலகம் வகுத்த பெயரே, தொகையில் வணங்கத்தக்க அடைமொழியாயிற்று.

மூன்றாமவர்: சோமயாஜி

இனி நாயன்மார் காலத்தைக் கடந்து மலையாள நாட்டிற்குச் செல்வோம். திரூரை அடுத்த திருக்கண்டியூரில் 1444இல் பிறந்தவர் கேளல்லூர் நீலகண்ட சோமயாஜி. சோமவேள்வி செய்தவர், வானநூல் வல்லவர். பரமேசுவரரின் மகனாகிய தாமோதரரிடம் பயின்றவர். 1500ஐ ஒட்டி அவர் இயற்றிய தந்திரசங்கிரகம், புதன் வெள்ளி ஆகிய கோள்களின் இயக்கத்தைக் கணிக்கும் பழைய முறையைத் திருத்தியது. ஆரியபடீயத்திற்கு எழுதிய பேருரையில், ஐந்து கோள்களும் சூரியனைச் சுற்றுகின்றன, அச்சூரியன் புவியைச் சுற்றுகின்றது என்ற அமைப்பினை விளக்கினார். டென்மார்க் நாட்டு டைக்கோ பிராகி இதனையொத்த அமைப்பை வெளியிட்டது 1588இல்.

முன்னோர் நூலை அவர் இகழவில்லை; கண்ணை மூடி ஏற்கவும் இல்லை. கணக்கு வானத்தோடு ஒத்துவராதபோது வானத்தைப் பார்த்துக் கணக்கைத் திருத்துதலே முறை என்று சோதிர்மீமாம்சை என்னும் நூலில் வாதிட்டார். மரபைக் காப்போர் மனங்கொள்ள வேண்டிய பாடம் இது.

நான்காமவர்: தீட்சிதர்

அப்பைய தீட்சிதரின் தம்பியார்க்குப் பேரர் நீலகண்ட தீட்சிதர், வடமொழிப் பெரும்புலவர். மதுரையில் திருமலை நாயக்கரின் அமைச்சராய் இருந்தார் என்பது மரபு. தம் பெயரின் பொருளையே காவியமாக்கியவர் இவர். கலியாண்டு 4738இல், அதாவது கி.பி. 1637இல், இவர் இயற்றிய நீலகண்டவிசய சம்பு, பாற்கடல் கடைந்ததும் பெருமான் நஞ்சுண்டதுமாகிய வரலாற்றைக் கூறுவது. ஆலவாயின் திருவிளையாடல்களைச் சிவலீலார்ணவம் என 22 சருக்கங்களில் பாடினார். கலிவிடம்பனம் என்ற சிறுநூலில் போலி மருத்துவரையும் போலிச் சோதிடரையும் எள்ளி நகையாடினார். அவையில் வாய்வீச்சால் வெல்வோரையும் விடவில்லை. மேடையேறும் எம்போல்வார் அந்நூலை ஆண்டுக்கு ஒருமுறையேனும் படிப்பது நலம்.

புதுமண்டபத்தில் அரசியின் சிலையில் நேர்ந்த குறையை அவ்வாறே விடச் சொன்ன இவர்மேல் மன்னன் ஐயுற்றான் எனவும், அதனை உணர்ந்து இவர் தாமே கண்ணொளி இழந்தார் எனவும், அங்கயற்கண்ணி மேல் ஆனந்தசாகரத்தவம் பாடி மீளப் பெற்றார் எனவும் செவிவழிச் செய்தி உண்டு. இறுதிக்காலத்தில் தாமிரபரணிக் கரையிலுள்ள பாலாமடையில் வாழ்ந்து அடங்கினார்.

ஐந்தாமவர்: சாத்திரியார்

அதே தாமிரபரணிக் கரையில், கல்லிடைக்குறிச்சியில், 1892இல் பிறந்தவர் வரலாற்றறிஞர் கே.ஏ. நீலகண்ட சாத்திரியார். 1929 முதல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராய் விளங்கினார். அவர் ஆங்கிலத்தில் எழுதிய சோழர் வரலாறு 1935, 1937 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வந்தது. 1957இல் பத்மபூசண் விருது பெற்றார்; 1975இல் மறைந்தார்.

இவர் ஆராய்ந்த துறையே நம் பொருளுக்கு விளக்கமாகும். சோழருள் இராசராசர் மூவர், இராசேந்திரர் மூவர், குலோத்துங்கர் மூவர். கல்வெட்டுகளிலோ பெரும்பாலும் அரசனின் ஆட்சியாண்டே காணப்படும். சக ஆண்டு அருகியே வரும். "இராசேந்திரனின் ஐந்தாம் ஆண்டு" என்றால் எந்த இராசேந்திரன்? அறிஞர் முதலில் நோக்குவது மெய்க்கீர்த்தியை. கல்வெட்டின் தலைப்பில் அவ்வரசன் செய்த செயல்களை நிரல்படக் கூறும் பகுதி அது. பெயர் பாட்டனுடையதாக இருக்கலாம்; மெய்க்கீர்த்தி பாட்டனுடையதன்று. ஒவ்வொருவனும் தன் செயலால் ஈட்டிக்கொள்வது அது.

முடிவுரை

மெய்யன்பர்களே! பெயர் பெற்றோர் தருவது. மெய்க்கீர்த்தி தாமே ஈட்டுவது. நீலகண்டன் என்று பெயரிட்டமையால் மட்டும் ஒருவர் நாயனாராகவோ, வானநூலாராகவோ, புலவராகவோ ஆகிவிடவில்லை. ஒருவர் சக்கரத்தின்முன் அமர்ந்தார். ஒருவர் நரம்பை முறுக்கினார். ஒருவர் இரவில் வானத்தை நோக்கினார். ஒருவர் ஏட்டில் எழுதினார். ஒருவர் கல்லில் தேய்ந்த எழுத்தைப் படித்தார். அவரவர் கைத்தொழிலே அவரவர்க்கு மெய்க்கீர்த்தியாயிற்று.

ஆதலின் பெரியோர் வரலாற்றைச் சொல்லும்போது ஊர், தொழில், காலம் ஆகிய மூன்றையும் பெயரோடு சேர்த்தே சொல்லுதல் வேண்டும். ஒருவர் சிறப்பை மற்றவர்க்கு ஏற்றுதல் புகழ்ச்சியன்று. இருவர் பொருளையும் களவாடுதலாகும். பிள்ளைக்குத் திருப்பெயர் இடும் பெற்றோரும் அதன் பொருளைப் பிள்ளைக்கு ஒருநாள் சொல்லுதல் வேண்டும். கொடியது வந்தால் பிறர்மேல் உமிழாதே. மிகைப்புகழ் வந்தால் விழுங்காதே. இவ்வளவு சொன்னால் போதும்.

மறு ஆண்டும் அவ்வூர்த் திருவிழாவிற்கு அழைத்தனர். அடியேன் அதே வரலாற்றையே எடுத்துக்கொண்டு, மண்ணோட்டிலிருந்து தொடங்கினேன். பந்தற்காலின் அருகே அம்முதியவர் அமர்ந்திருந்தார். பொன்னோடும் கொள்ளேன், மண்ணோடே வேண்டும் என்று சிவயோகியார் கேட்கும் இடம் வந்தது. அவர் தம் இரு கைகளையும் ஒருமுறை பார்த்துக்கொண்டு, பின்னர்த் தலைமேல் குவித்தார்.

திருச்சிற்றம்பலம்.