படிப்பும் பணியும் – 9: கட்டடத்தைப் பார்க்காதீர்கள், வார்டைப் பாருங்கள்

நம் ஊர் மருந்துக் கடைகளில் சிரிஞ்சில் இழுத்துப் போடும் இன்சுலின் பெரும்பாலும் இரண்டு அடர்த்தியில் கிடைக்கிறது. ஒன்றில் மில்லிக்கு 40 யூனிட், இன்னொன்றில் 100 யூனிட். அவற்றுக்கான சிரிஞ்சுகளும் வேறு வேறு. 40-க்கு உரியதன் மூடி சிவப்பு, 100-க்கு உரியதன் மூடி ஆரஞ்சு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்துப் போட்டால், நோயாளியின் உடம்பில் ஏறுவது 25 யூனிட். ராத்திரி அரை இட்லிகூட இறங்காத ஒரு பெரியவருக்கு அது ஏறினால் சில மணி நேரத்தில் சர்க்கரை அபாய அளவுக்கு இறங்கிவிடும். வேர்த்துக் கொட்டி, நினைவு மங்கிக் கிடப்பவரைப் பார்த்து, துணைக்குப் படுத்திருக்கும் மகன் ‘அப்பா அசந்து தூங்குறாரு’ என்றுதான் நினைப்பார். அந்த நேரத்தில் அவரைக் காப்பாற்ற வார்டில் விழித்திருப்பவர் நர்ஸ்தான்.

புத்தகத்தில் இது நான்கு வரி. கைக்கு வர வேண்டுமானால், இன்சார்ஜ் சிஸ்டர் பக்கத்தில் நின்று, “முதல்ல வயலைப் பாரு, அப்புறம் மூடியைப் பாரு, அப்புறம் இழு” என்று சொல்லச் சொல்ல, பல நோயாளிகளுக்குப் போட்டுப் பழகியிருக்க வேண்டும். நர்சிங் படிப்பைப் பற்றி விசாரிக்கும் பெற்றோரில் பெரும்பாலானோர் கேட்பது கட்டணம், ஹாஸ்டல், பஸ் வசதி, வெளிநாட்டு வாய்ப்பு. எந்த மருத்துவமனையில், எத்தனை நோயாளிகளுக்கு நடுவே பிள்ளை பயிற்சி பெறப் போகிறாள் என்ற கேள்வி கடைசியில்கூட வருவதில்லை. அதுதான் முதலில் வர வேண்டிய கேள்வி.

வேலூர் சி.எம்.சி.யின் வரலாறு இதற்கு நல்ல சான்று. அதை நிறுவிய ஐடா ஸ்கட்டர் 1900-இல் ஒற்றைப் படுக்கையோடு சிகிச்சையைத் தொடங்கினார். 1902-இல் 40 படுக்கை மருத்துவமனை எழுந்தது. நர்ஸ்களுக்கான பயிற்சிப் பள்ளி 1909-இல் வந்தது. பட்டப்படிப்பு 1946-இல்தான் தொடங்கியது; இந்தியாவில் நர்சிங்குக்குப் பட்டப்படிப்பு தொடங்கிய முதல் ஆண்டும் அதுவே. முதலில் நோயாளிகள், பிறகு பள்ளி, அதன் பிறகு பட்டம். இன்று பல இடங்களில் இந்த வரிசை தலைகீழாகிவிட்டது. நெடுஞ்சாலை ஓரத்தில் நான்கு மாடிக் கட்டடம் முதலில் எழுகிறது, மாணவர்கள் சேர்கிறார்கள், நோயாளியைத் தேடிப் பேருந்தில் போகிறார்கள்.

பி.எஸ்சி. நர்சிங் கல்லூரி நடத்தும் அறக்கட்டளைக்கு 100 படுக்கைகள் கொண்ட சொந்த மருத்துவமனை இருக்க வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. அந்தப் படுக்கைகளில் நோயாளிகள் இருக்கிறார்களா என்பதை ஒரு வேலை நாளில் நேரில் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். பிரசவ வார்டை அவசியம் பார்க்க வேண்டும். சுகப்பிரசவமே அரிதாகிப்போன மருத்துவமனையில் மிட்வைஃபரி படிக்கும் மாணவி யாருக்குப் பிரசவம் பார்த்து ரெக்கார்டை நிரப்புவாள்? சீனியரின் நோட்டை வாங்கி எழுதுகிறவள், வேலைக்குப் போன பிறகு லேபர் ரூமில் கை நடுங்கி நிற்பாள். அரசு மகப்பேறு மருத்துவமனையில் பயிற்சிக்கு அனுமதி வாங்கியிருக்கும் கல்லூரி இந்த விஷயத்தில் பல படி மேல்.

இனி படிப்புகள். ஏ.என்.எம். இரண்டு ஆண்டு, கிராம சுகாதார நர்ஸ் பணிக்கான வழி இது. ஜி.என்.எம். டிப்ளமோ மூன்று ஆண்டு, பி.எஸ்சி. நான்கு ஆண்டு. டிப்ளமோ முடித்தவர் இரண்டு ஆண்டு போஸ்ட் பேசிக் படித்தால் பட்டதாரி ஆகலாம். அதற்கு மேல் இரண்டு ஆண்டு எம்.எஸ்சி. பி.எஸ்சி.க்கு பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும், ஜி.என்.எம்.முக்கு மற்றப் பிரிவினரும் விண்ணப்பிக்க கவுன்சில் விதி இடம் தருகிறது. 2021-க்குப் பிறகு ஜி.என்.எம். இருக்காது என்று ஓர் அறிவிப்பு வந்து பல குடும்பங்களைக் குழப்பியது. படிப்பு நிற்கவில்லை, இன்றும் நடக்கிறது.

அப்படியானால் டிப்ளமோ போதுமா, பட்டம் வேண்டுமா? குடும்பத்தின் நிலைமை இடம் கொடுத்தால் பட்டம்தான். எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கு ஆள் எடுக்கும் நார்செட் தேர்வை எடுத்துக்கொள்வோம். பி.எஸ்சி. முடித்தவர் பதிவு செய்த கையோடு எழுதலாம். ஜி.என்.எம். படித்தவர் 50 படுக்கைக்குக் குறையாத மருத்துவமனையில் இரண்டு ஆண்டு வேலை பார்த்திருக்க வேண்டும். மூன்றாண்டுப் படிப்பில் மிச்சமாவதாகத் தோன்றும் ஓர் ஆண்டு இங்கே இரண்டாகச் செலவாகிறது. அந்தப் பணியில் தொடக்க அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாய் என்பதால் கணக்கு சிறியதல்ல. ஆனால் உடனே சம்பாதித்தாக வேண்டிய வீட்டுப் பிள்ளைக்கு ஜி.என்.எம். கௌரவமான வாசல். நல்ல மருத்துவமனையில் ஜி.என்.எம். படித்தவர், நோயாளியே இல்லாத கல்லூரியில் பட்டம் வாங்கியவரைவிட எந்த வார்டிலும் நிமிர்ந்து நிற்பார்.

தமிழ் வழியில் படித்து வரும் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் ஆண்டில் அனாட்டமி புத்தகத்தைப் பார்த்து அழாதவர்கள் குறைவு. அந்த ஆண்டைத் தாண்டிவிட்டால், நோயாளியோடு பேசுவதில் இவர்களை மிஞ்ச ஆள் இல்லை. “நெஞ்சு கரிக்குதா, அடைக்குதா, குத்துதா?” என்று ஒரு பாட்டியிடம் கேட்டு வாங்கும் பதிலில்தான் மாரடைப்பு முதலில் பிடிபடுகிறது. ஆங்கிலம் வராது என்பதற்காக இந்தப் படிப்பை யாரும் கைவிட வேண்டாம்.

வேலையில் சேர்ந்த பிறகு சந்திக்கும் முதல் சுவர், ஆள் பற்றாக்குறை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர், ஐ.சி.யு.வில் ஒருவருக்கு ஒருவர் என்று கவுன்சில் வகுத்திருக்கிறது. நாற்பது படுக்கை வார்டில் இரவு இரண்டே பேர் நிற்பது நம் ஊரில் யாருக்கும் அதிர்ச்சி தருவதில்லை. இதன் விளைவு எங்கே வெடிக்கும் என்பதற்கு மருந்து டிரேயைப் பார்த்தால் போதும். பொட்டாசியம் குளோரைடு 10 மில்லி ஆம்பியூலில் வருகிறது, டிஸ்டில்ட் வாட்டரும் 10 மில்லி ஆம்பியூலில் வருகிறது. பொட்டாசியத்தை பாட்டிலில் கலக்காமல் நேராக நரம்பில் செலுத்தினால் இதயம் நின்றுபோகலாம். அதனால் அதைத் தனியாகப் பூட்டி வைக்க வேண்டும், இரண்டு நர்ஸ்கள் சேர்ந்து பார்த்த பிறகே கலக்க வேண்டும். ஷிப்டில் இருப்பதே ஒருவர் என்றால் இரண்டாவது கண் எங்கிருந்து வரும்? தவறு நடந்தால் மெமோ மட்டும் அந்த ஒருவர் பெயருக்கு வருகிறது. இது அநியாயம்.

போனில் வரும் உத்தரவும் அப்படித்தான். டாக்டர் சொன்ன மருந்தையும் அளவையும் திருப்பி வாசித்துக் காட்டி, நேரத்தோடு கேஸ் ஷீட்டில் எழுதி, மறுநாள் காலையில் கையெழுத்து வாங்குவது பெரிய மருத்துவமனைகளில் பழக்கம். சின்ன இடங்களில் “சொன்னதைப் போடுங்க சிஸ்டர்” என்பதோடு முடிந்துவிடும். எழுதி வைத்த நர்ஸுக்கு மட்டுமே பின்னால் பாதுகாப்பு உண்டு.

ஊசி குத்திக்கொள்வது இன்னொன்று. பயன்படுத்திய ஊசிக்கு இரண்டு கையாலும் மூடி போடப் போய்த்தான் பல காயங்கள் நேர்கின்றன. குத்திவிட்டால் பிதுக்கக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, உடனே மேலே சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் திட்டு விழுமே என்று மறைத்துவிடுகிறார்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் மூன்று தவணைகளையும் முதல் ஆண்டிலேயே போட்டுவிடுகிறார்களா என்று கல்லூரியில் சேரும் அன்றே கேட்டுவிடலாம். அந்தக் கேள்விக்குத் தயங்காமல் பதில் வரும் கல்லூரி, மற்றதிலும் ஒழுங்காக இருக்கும்.

நோயாளியின் சொந்தக்காரர்கள் கத்தினாலும் கை ஓங்கினாலும் முதல் அடி நர்ஸ் மேல்தான் விழும். கவுண்டரில் இருப்பவரையும் டாக்டரையும் ராத்திரி இரண்டு மணிக்குப் பிடிக்க முடியாது, நர்ஸைப் பிடிக்க முடியும். மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோரைத் தண்டிக்கத் தமிழ்நாட்டில் 2008-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. வார்டு வாசலில் ஒரு காவலாளியை நிறுத்தாத நிர்வாகத்துக்கு அந்தச் சட்டம் நினைவில் இருப்பதில்லை.

சம்பளத்துக்கு வருவோம். பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் தொடர்ந்த வழக்கில், தனியார் நர்ஸ்களின் நிலையை ஆராயக் குழு அமைக்கும்படி 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 200 படுக்கைக்கு மேற்பட்ட மருத்துவமனைகளில் அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம், 50-க்கும் குறைந்த படுக்கைகள் உள்ள இடங்களில்கூட 20,000 ரூபாய்க்குக் குறையாத சம்பளம் என்று குழு பரிந்துரைத்தது. கேரளத்தில் நர்ஸ்கள் போராடி, 2018 ஏப்ரலில் குறைந்தபட்சம் 20,000 என்று அரசாணையே வாங்கிவிட்டார்கள். தமிழ்நாட்டில் பல சிறிய மருத்துவமனைகளில் புதியவர்களுக்கு அந்தத் தொகை இன்னும் எட்டவில்லை.

அரசுப் பக்கம் மட்டும் என்ன? மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015-இல் 7,243 இடங்களுக்குத் தேர்வு நடத்தியது. தேர்வு எழுதி, வென்று, வேலைக்குப் போனவர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்ற நம்பிக்கையில் சேர்ந்தவர்கள் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் கூடிப் போராட வேண்டிவந்தது. கொரோனாக் காலத்தில் எடுக்கப்பட்ட தற்காலிக நர்ஸ்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பணி 2022 டிசம்பர் 31-உடன் முடித்துவைக்கப்பட்டது. உயிருக்கு அஞ்சி ஊரே கதவைச் சாத்தியிருந்தபோது கவச உடைக்குள் நின்றவர்கள் அவர்கள். அரசு வேலை என்று கேட்டதும் மகிழ்ந்துவிடாமல், நிரந்தரமா, தொகுப்பூதியமா, ஒப்பந்தம் எத்தனை மாதம் என்று பார்த்துச் சேர வேண்டும்.

இப்படி ஏமாந்த மனசுதான் வெளிநாட்டைத் தேடுகிறது. “அம்மா, ரெண்டே வருஷத்துல பொண்ணு லண்டன்ல இருப்பா, நீங்க கவலையே படாதீங்க” என்று வீட்டுக்கே வந்து பேசும் ஏஜென்டுகளுக்குப் பஞ்சமில்லை. 2014 ஜூலையில் இராக்கின் திக்ரித் நகரிலிருந்து 46 இந்திய நர்ஸ்கள் மீட்கப்பட்டார்கள். பெரும்பாலோர் கேரளப் பெண்கள், தமிழ்நாட்டைச் சேர்ந்தவரும் உண்டு. சண்டை சூழ்ந்த நிலையிலும் அவர்களில் பலர் ஊர் திரும்பத் தயங்கியதற்குக் காரணம், சம்பள பாக்கியும் வீட்டில் காத்திருந்த கடனும். அடுத்த ஆண்டே கொச்சியில் ஒரு நிறுவனம், குவைத் வேலைக்கு 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் தலைக்கு 19.5 லட்சம் வாங்கியதாக சி.பி.ஐ. வழக்குப் பதிந்தது. இப்போது ஏஜென்சி சட்டப்படி வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. வளைகுடா வேலைகளுக்குத் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் 1978 முதல் இயங்குகிறது. முதலில் அங்கே விசாரியுங்கள்.

நேர்வழி ஒன்றும் ரகசியமானதல்ல. பிரிட்டனுக்கு ஐ.இ.எல்.டி.எஸ். அல்லது ஓ.இ.டி. என்ற ஆங்கிலத் தேர்வு, பிறகு கணினித் தேர்வு, அங்கே போய்ச் செய்முறைத் தேர்வு. ஜெர்மனியில் முழுத் தகுதியுள்ள நர்ஸாக பதிவு பெற ஜெர்மன் மொழியில் பி2 நிலை. அமெரிக்காவுக்கு என்கிளெக்ஸ், அதைச் சென்னையிலேயே எழுதலாம். பல நாடுகள் கேட்கும் காகிதங்கள் இரண்டு: எந்தெந்த வார்டில் எத்தனை மணி நேரம் பயிற்சி பெற்றார் என்று கல்லூரி தரும் டிரான்ஸ்கிரிப்ட், வேலை பார்த்த மருத்துவமனையின் அனுபவச் சான்று. மனநல வார்டையும் குழந்தைகள் வார்டையும் கண்ணில் காட்டாத கல்லூரியின் டிரான்ஸ்கிரிப்ட் அங்கே செல்லாமல் போகலாம். படிக்கும் காலத்தில் அலட்சியமாக விட்டது பத்து ஆண்டு கழித்து விமான டிக்கெட்டை நிறுத்தும்.

எனவே விண்ணப்பம் போடுவதற்கு முன், பெற்றோரே, மகளையோ மகனையோ கூட்டிக்கொண்டு ஒரு முற்பகலில் அந்தக் கல்லூரியின் மருத்துவமனைக்குப் போய்வாருங்கள். படுக்கைகளில் ஆள் இருக்கிறதா, மாணவிகள் வார்டில் இருக்கிறார்களா வகுப்பில் மட்டும் இருக்கிறார்களா என்று பாருங்கள். கல்லூரியின் பெயர் கவுன்சில் பட்டியலில் இருக்கிறதா, படித்து முடித்தால் தமிழ்நாடு கவுன்சிலில் பதிவு கிடைக்குமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பக்கத்து மாநிலக் கல்லூரி என்றால் இரண்டு முறை கேளுங்கள். வேலையில் சேரும்போது எந்த மருத்துவமனை கேட்டாலும் அசல் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். நகலில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், அசலைச் சரிபார்த்த கையோடு திரும்ப வாங்கி வீட்டு அலமாரியில் வையுங்கள்.

(தொடரும்)