ஊர்த் தொழில் வரலாறும் நாடக இயக்கமும்: பீட்டர் சீஸ்மனின் ஆவண நாடகங்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஒரு வட்டாரத்தின் தொழில் வரலாற்றை அவ்வட்டார மக்கள் முன்னிலையிலேயே புதிய நாடகமாக நிகழ்த்தும்போது இயக்குநரின் பொறுப்பு எவ்வாறு மாறுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-டிரென்ட் நகரில் பீட்டர் சீஸ்மன் இயக்கிய மூன்று ஆவண நாடகங்கள் இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றன. முதன்மைச் சான்று இல்லாத பொருளைக் காட்சியாக்கக் கூடாது என்று அவர் வகுத்துக்கொண்ட நெறி நாடகத்தின் வடிவத்தையே தீர்மானித்தது என்பதும், அந்நெறிக்கும் எல்லை உண்டு என்பதும் இக்கட்டுரையின் கருத்துகளாகும்.

முக்கியச் சொற்கள்: ஆவண நாடகம், இயக்குநர், தொழில் வரலாறு, வாய்மொழிச் சான்று, வட்டரங்கு.

முன்னுரை

எழுதி முடிக்கப்பட்ட பனுவல் ஒன்றை மேடையில் விளக்கிக் காட்டுபவர் என்பதே இயக்குநரைப் பற்றிய பொதுவான கருத்தாகும். ஓர் ஊரின் ஆலையையோ ரயில்பாதையையோ பொருளாகக் கொண்டு புதிய நாடகம் உருவாக்கும்போது இக்கருத்து போதுவதில்லை. அங்கே பனுவல் முன்னரே இருப்பதில்லை. அது ஆவணங்களிலும் ஊர்மக்களின் நினைவுகளிலும் சிதறிக் கிடக்கிறது. மேலும், அவ்வரலாற்றில் வாழ்ந்தவர்களே பார்வையாளராக அமர்ந்திருக்கின்றனர். மேடையில் சொல்லப்படும் ஒவ்வொரு செய்தியையும் தம் அனுபவத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் தகுதி அவர்களுக்கு உண்டு. இச்சூழலில் இயக்குநர் செய்ய வேண்டுவன யாவை என்பதற்குச் சீஸ்மனின் பணி தெளிவான விடையைத் தருகிறது.

களமும் அரங்கும்

ஸ்டோக்-ஆன்-டிரென்ட் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற நகரம். நிலக்கரிச் சுரங்கங்களும் இரும்பு எஃகு ஆலையும் அதன் வாழ்வோடு பிணைந்திருந்தன. 1962-ஆம் ஆண்டு ஸ்டீஃபன் ஜோசஃபின் முயற்சியால் அங்கே ஒரு பழைய திரையரங்கு விக்டோரியா அரங்காக மாற்றப்பட்டது. பார்வையாளர் நாற்புறமும் சூழ்ந்திருக்க நடுவில் நடிகர் நிகழ்த்தும் வட்டரங்கு அது. அதன் இயக்குநராகப் பொறுப்பேற்ற சீஸ்மன், நிலையான நடிகர் குழு ஒன்றை ஊரிலேயே தங்கவைத்து, அவ்வூர் மக்களுக்கான நாடகங்களை உருவாக்க முனைந்தார்.

இம்முயற்சியின் முதல் விளைவு 'தி ஜாலி பாட்டர்ஸ்' (1964). பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பீங்கான் தொழிலாளரின் வாழ்வை அது பொருளாகக் கொண்டது. 1966-இல் 'தி நாட்டி' அரங்கேறியது. வடக்கு ஸ்டாஃபோர்ட்ஷயர் ரயில்வேயின் தோற்றம் முதல், 1923-இல் அது பெருங்குழுமம் ஒன்றோடு இணைக்கப்பட்டது வரையிலான வரலாற்றை இந்நாடகம் கூறியது. அந்த ரயில்வேயை ஊர்மக்கள் செல்லமாக அழைத்த பெயரே நாடகத்தின் தலைப்பாயிற்று. ஸ்டாஃபோர்ட்ஷயரின் சின்னமாகிய கயிற்று முடிச்சிலிருந்து பிறந்த பெயர் அது.

சான்று நெறியும் நாடக வடிவமும்

இந்நாடகங்களுக்கெனத் தனி ஆசிரியர் எவரும் இல்லை. நடிகர்களும் இயக்குநரும் நூலகங்களில் பழைய செய்தித்தாள்களையும் ஆவணங்களையும் தேடினர். ஒலிப்பதிவுக் கருவியுடன் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்களைச் சந்தித்தனர். நிகழ்ச்சியில் பங்கேற்றவரிடமிருந்தோ அக்கால ஆவணத்திலிருந்தோ கிடைத்த செய்தியே காட்சியாகலாம். சான்று கிடைக்காத பொருளுக்குக் காட்சி இல்லை என்பது சீஸ்மனின் நெறி. ஒற்றை ஆசிரியரின் பார்வை வரலாற்றைத் தன்வயப்படுத்திவிடும் என்ற அச்சமே இதற்கு அடிப்படை. ஒன்றுக்கொன்று முரண்படும் குரல்களை அருகருகே வைத்து, முடிவைப் பார்வையாளரிடம் விடுவதே அவரது நோக்கமாக இருந்தது.

இந்நெறி வெறும் கட்டுப்பாடாக நின்றுவிடவில்லை. அதுவே வடிவத்தையும் பிறப்பித்தது. ஆவணங்கள் துண்டுதுண்டானவை. கற்பனை உரையாடலால் அவற்றை இணைக்க இயலாதபோது வேறோர் இணைப்பு தேவைப்பட்டது. அத்தேவையைப் பாடல் நிறைவு செய்தது. கால இடைவெளியைக் கடத்தவும், நிகழ்ச்சியைச் சுருக்கவும், உணர்வைத் திரட்டவும் பாடல்கள் பயன்பட்டன. சார்லஸ் பார்க்கர், யூவான் மக்கால் ஆகியோர் 1958 முதல் பிபிசி வானொலிக்கு உருவாக்கிய 'ரேடியோ பேலட்' நிகழ்ச்சிகளில் உழைப்பாளரின் பதிவுசெய்யப்பட்ட பேச்சும் பாடலும் இணைந்திருந்தன; அம்முறை மேடைக்கு வந்ததாக இதனைக் கொள்ளலாம். 'தி நாட்டி' நாடகத்தில் முதிய ஊழியர்களின் பதிவுக் குரல்களே அரங்கில் ஒலித்தன. அப்போது நடிகர் அக்குரலுக்கு மாற்றாக நிற்கவில்லை. அதன் அருகில் நின்றார்.

வட்டரங்கும் இதற்குத் துணைசெய்தது. பெரிய காட்சித் திரைகளுக்கு அங்கே இடமில்லை. எனவே தொழிற்கூடத்தைப் படம்போல் காட்டுவதை விடுத்து, உடலசைவு, ஒலி, ஒளி, சில கைப்பொருள்கள் ஆகியவற்றால் உணர்த்த வேண்டியிருந்தது. பார்வையாளர் ஒருவரையொருவர் எதிரெதிரே காணும் அமைப்பாதலால், மேடையில் தம் ஊரின் கதை நிகழும்போது அதைக் கேட்கும் ஊராரையும் அவர்கள் கண்டனர்.

நடுநிலையின் எல்லை

சான்று நெறி எதிர்கொண்ட கடுஞ்சோதனை 1974-இல் வந்தது. ஷெல்டன் எஃகு ஆலையில் இரும்பு எஃகு உற்பத்தியை நிறுத்தப் பிரிட்டிஷ் ஸ்டீல் கார்ப்பரேஷன் திட்டமிட்டதை எதிர்த்துத் தொழிலாளர்கள் போராடிக்கொண்டிருந்தனர். அப்போராட்டமே 'ஃபைட் ஃபார் ஷெல்டன் பார்' நாடகத்தின் பொருள். முந்தைய நாடகங்கள் முடிந்த வரலாற்றைப் பேசின. இதுவோ முடிவு தெரியாத நிகழ்வைப் பேசியது. ஆகவே போராட்டத்தின் அண்மை நிலையைப் பார்வையாளருக்கு அறிவிப்பதும் நிகழ்த்துதலின் பகுதியாயிற்று.

இங்கே ஒரு வினா எழுகிறது. சொற்கள் யாவும் சான்றிலிருந்து வந்தவை என்பதாலேயே நாடகம் நடுநிலையானது ஆகிவிடுமா? எவரிடம் ஒலிப்பதிவு செய்வது, எப்பகுதியைத் தேர்வது, எதை எதன் பின் வைப்பது என்பன யாவும் இயக்குநர் குழுவின் முடிவுகளே. தொகுப்பும் ஒருவகை ஆசிரியத்துவம்தான். மேலும், பதிவு எதையும் விட்டுச் செல்லாதவர்களை இந்நெறி மேடைக்கு வெளியே நிறுத்திவிடும். எழுத்தறிவற்ற தொழிலாளர், குழந்தை உழைப்பாளர் முதலியோரைப் பற்றி உயர்நிலையினர் எழுதிய குறிப்புகளே பெரிதும் எஞ்சுகின்றன. பொய்யுரை புகாமல் காக்கும் அதே வேலி, மௌனமாக்கப்பட்டவர்களையும் வெளியே நிறுத்துகிறது என்பது இம்முறையின் அடிப்படைச் சிக்கலாகும்.

எனினும் நெறியின் பயனை இது மறுப்பதாகாது. கற்பனையால் நிரப்பப்பட்ட நாடகத்தில் எது சான்று, எது புனைவு என்பதைப் பார்வையாளர் பிரித்தறிய இயலாது. சீஸ்மனின் முறையில் இடைவெளி இடைவெளியாகவே நிற்கிறது; அதனால் வினவுவதற்கும் இடம் கிடைக்கிறது.

முடிவுரை

ஷெல்டனில் எஃகு உருக்குதல் 1978-இல் நின்றது. 1986-இல் அவ்வாலை நிலத்தின் பெரும்பகுதியில் தேசியத் தோட்டத் திருவிழா நடைபெற்றது. ஆலை மறைந்த பின்னர், அதற்காகத் திரட்டப்பட்ட குரல்கள் நாடகப் பொருளாக மட்டுமன்றி வரலாற்றுச் சான்றாகவும் மதிப்புப் பெறுகின்றன. ஊர்த் தொழில் வரலாற்றை நாடகமாக்கும் இயக்குநர் விளக்குநர் என்னும் நிலையிலிருந்து தொகுப்பாளர் என்னும் நிலைக்கு மாறுகிறார். அத்தொகுப்பின் தேர்வுகளுக்கு அவர் அவ்வூர் மக்களிடம் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். சான்றுக்கு உண்மையாக இருத்தலும், சான்றில் இடம்பெறாதவர் யாவர் என்பதை மறவாதிருத்தலும் அவர் ஒருங்கே சுமக்க வேண்டிய பொறுப்புகளாகும்.