கொதிக்க வைத்தாலும் அழியாத நச்சு

1975 பிப்ரவரியில் டோக்கியோவிலிருந்து பாரிஸுக்குப் பறந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்தில், கோபன்ஹேகனை நெருங்கும் வேளையில் காலை உணவாக ஹாம் ஆம்லெட் கொடுத்தார்கள். சிறிது நேரத்தில் பயணிகள் வரிசையாக வாந்தி எடுக்கத் தொடங்கினர். 344 பயணிகளில் 196 பேருக்கு உடல்நலம் கெட்டது. 140 பேருக்கும் மேல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

உணவு தயாரானது அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில். அங்கே சமைத்தவர்களில் ஒருவரின் விரல்களில் சீழ்ப்புண் இருந்தது. அதிலிருந்த ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா ஹாமில் ஒட்டிக்கொண்டது. உணவு பல மணி நேரம் போதிய குளிரூட்டல் இல்லாமல் இருந்ததால், பாக்டீரியா பெருகி நச்சைச் சுரந்தது. பரிமாறும் முன் சூடாக்கியும் பயன் இல்லை.

காரணம், பாக்டீரியா வேறு, அதன் நச்சு வேறு. சூட்டில் பாக்டீரியா செத்துவிடும். அது சுரந்த என்டரோடாக்சின் என்ற புரதம் கொதிநிலையையும் தாங்கி நிற்கும். வயிற்றின் செரிமான நொதிகளாலும் எளிதில் சிதையாது. குடலுக்குப் போய் அங்குள்ள நரம்புகளைத் தூண்ட, மூளை வாந்திக்கு ஆணையிடுகிறது. மற்ற கிருமிகள் உடலுக்குள் பெருகி நோயாக வெளிப்பட ஒரு நாளுக்கு மேல்கூட ஆகலாம். இந்த நச்சோ உணவிலேயே தயாராக இருப்பதால், அரை மணியிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் வேலையைக் காட்டிவிடும். ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளும் இதற்கு உதவாது.

2000ஆம் ஆண்டில் ஜப்பான் இதே பாடத்தை இன்னும் பெரிய அளவில் படித்தது. ஹொக்கைடோவிலுள்ள ஸ்னோ பிராண்ட் நிறுவனத்தின் ஆலையில் மின்சாரம் தடைபட்டு, பால் சூடு ஆறாமல் கிடந்தது. அந்தப் பாலிலிருந்து செய்த பால்பவுடர் ஒசாகாவில் தயாரான பால் பொருட்களில் சேர்ந்தது. பாக்டீரியாக்கள் சூட்டில் அழிந்திருந்தன. நச்சு மட்டும் மிஞ்சியது. 13,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டனர்.

இந்தப் பாக்டீரியா ஏறத்தாழ மூன்றில் ஒருவரின் மூக்கில் எந்தத் தொல்லையும் தராமல் குடியிருக்கிறது. நச்சு கலந்த உணவின் நிறமும் மணமும் சுவையும் மாறுவதில்லை. பெரும்பாலோர் ஓரிரு நாளில் தேறிவிடுவார்கள் என்றாலும், குழந்தைகளுக்கும் முதியோருக்கும் நீரிழப்பு ஆபத்தாகலாம். உப்பு சர்க்கரைக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கையில் புண் இருப்பவர் உணவைத் தொட வேண்டாம். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வையுங்கள். நெடுநேரம் வெளியே கிடந்த உணவை மறுபடி சூடாக்கிச் சாப்பிடலாம் என்று எண்ணாதீர்கள், கொட்டிவிடுவதே பாதுகாப்பு.